கெண்டி ஜெயிச்சாத்தான் விடுதலை

பிட்காரோங்கற கடலோர ஊர்ல ஒருத்தன் பொண்டாட்டிய விட்டுப் பிரியணும்னா ஒரு வக்கீலப் பாத்தாப் போதும். கோல்ஃப் சோடிய விட்டுப் பிரியறது அவ்வளவு லேசில்ல. அதுக்கு மூணே வழிதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் சாவணும். இல்ல, ஊரையே காலி பண்ணிட்டுப் போவணும். ரெண்டும் முடியாதுன்னா வசந்தகாலப் போட்டியில ஜெயிச்சு செம்புக் கெண்டிய வாங்கணும்.

இதெல்லாம் அந்தக் காலத்து மீன்பிடிக்காரங்க போட்ட சட்டம். கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவுல ஆடு மேஞ்சுக்கிட்டிருந்த மணல்மேட்டுல மொதமொதல்ல கொடி நட்டு ஆடுனது அவங்கதான். படகுல சோடி சேந்தவன் நடுக்கடல்ல எறங்கிப் போக முடியுமா? அது மாதிரி இதுவும். நல்லா மீன் பட்டு நாலு காசு சேந்துச்சுன்னா ஆளுக்கொரு படகு வாங்கிக்கிட்டுப் பிரிஞ்சுருவாங்க. அதனால ஜெயிச்ச சோடியும் பிரியணும்னு வச்சாங்க. இன்னைக்கு ஊர்ல மீனும் இல்ல, படகும் இல்ல. சட்டம் மட்டும் உப்புக்காத்துல துருப்புடிக்காம நிக்குது.

ஆட்டமும் அதுக்கேத்த ஆட்டம். கம்மி அடியில பந்தக் குழியில போடற சோடிக்கு அந்தக் குழி. ரெண்டு பேருக்கு ஒரே பந்து. நீ ஒரு அடி, நான் ஒரு அடி. அவன் கொண்டுபோய்த் தள்ளுன எடத்துல இருந்து நீதான் எடுக்கணும். கொஞ்சம் யோசிச்சா, குடும்பம் நடத்தறதும் அதுதானே.

நார்மன் டார்விட் இதுல மாட்டுனது கல்யாணத்தன்னைக்கு. இஷ்பெல் ஸ்மீட்டனக் கட்டிக்கிட்டு, சர்ச்சுல சத்தியம் பண்ணிட்டு, விருந்துல ஒக்காந்து கேக்க வாய் நிறைய அடைச்சுக்கிட்டு இருக்கான். பொண்ணோட அண்ணன் ஆர்ச்சி விஸ்கி வாடையோட வந்து கழுத்தக் கட்டிக்கிட்டான். "இன்னையில இருந்து நீ எனக்கு மாப்ள மட்டுமில்ல, சோடியும் நீதான். சரியா?" நார்மனால வாயத் திறக்க முடியல, தலைய ஆட்டி வச்சான். தேனிலவு முடிஞ்சு வந்து பாத்தா, கிளப்புச் சுவத்துல இருக்கற மரப்பலகையில ரெண்டு பேர் பேரையும் தங்க எழுத்துல எழுதி வார்னிஷும் அடிச்சுட்டாங்க.

பேரு பலகையில ஏறிட்டா வருசத்துக்கு ஒரு நாளோட முடியற சங்கதி இல்ல. சனிக்கிழமை தவறாம சேந்து பழகணும். ஆண்டு விருந்துல பக்கத்துப் பக்கத்துல ஒக்காரணும். துணி மாத்தற அறையில ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டி. ஆர்ச்சியோட ஈர சாக்ஸு நார்மனோட சட்டை மேலதான் காஞ்சுச்சு, கல்யாணமான நாள்ல இருந்து.

ஆர்ச்சி கெட்டவன் இல்ல. அது ஒண்ணுதான் நார்மனுக்கு இடைஞ்சல். கெட்டவனா இருந்தா ஒரு சண்டை போட்டு முடிச்சிருக்கலாம். துறைமுகத் தெருவுல முடிவெட்டற கடை வச்சிருக்கான். பொண்டாட்டி போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு, புள்ள குட்டி கெடையாது. பேச்சுதான் அவனுக்குத் துணை. நார்மன் மட்டைய ஓங்கி மேல கொண்டு போயிருப்பான், அந்த நேரம் பாத்து, "மாப்ள, நான் பேசல, நீ அடி. அந்த மாட்டு டாக்டரு இருக்கானே, அவன் மச்சினிச்சிக்கு..." அப்பிடின்னு ஆரம்பிப்பான். பந்து முள்ளுப்புதர்ல போய் விழும். "அடடா, இன்னைக்கு காத்து ஜாஸ்தி" அப்பிடிம்பான்.

நார்மன் வாழ்க்கையில ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. சத்தமில்லாத ஒரு சாயங்காலம். கிர்க்கால்டிக்குப் போற பஸ்ஸ ஓட்டியே தலை நரைச்சவன் அவன். முதுகுக்குப் பின்னால பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கூச்சல், சந்தைக்குப் போற பொம்பளைங்க பஞ்சாயத்து, குடிகாரன் பாட்டு. காத்தும் பந்தும் மட்டும் சத்தம் போடற எடத்துல ஒரு நாள் ஆடணும். அவ்வளவுதான் கேட்டான்.

அப்புறம் இடுப்பெலும்பு தேஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு கோடை மைதானத்துப் பக்கமே போவல. வலியிலயும் ஒரு சந்தோசம், சோடி முறிஞ்சிருக்கும்னு. கிளப்புச் செயலாளரம்மாவுக்கு ஃபோன் போட்டுப் பதமாக் கேட்டான். அந்தம்மா சிரிக்காம, "இடுப்பெலும்பு போனதெல்லாம் கணக்குல வராது நார்மன். ஆளு போவணும்" அப்பிடின்னுச்சு.

ஏப்ரல் மாசம் ஒரு காலையில, யாருகிட்டயும் சொல்லாம, ஒரே ஒரு மட்டையும் நாலு பந்தும் எடுத்துக்கிட்டு நார்மன் மறுபடி அந்த மணல்மேட்டுல கால் வச்சான். புல்லுல இன்னும் பனி. பழைய கூட்டாளிங்களப் பாக்கற மாதிரி ஒவ்வொரு குழியாப் போய்ப் பாத்தான். நாலாங்குழி 'கிழவி பல்லு' அப்பிடியே இருந்துச்சு. கடல் உள்ள புகுந்து வர்ற எடத்துக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் அடிக்கணும். நடுவுல கறுத்த பாறைங்க வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். அதத் தாண்டி ஒரே அடியில போட்டான். அதப் பாத்தது ஒரு கடல்காக்கா மட்டுந்தான். அந்த நிமிசம் செத்தாக் கூடப் பரவால்லன்னு இருந்துச்சு அவனுக்கு.

பதினோராங்குழிக்குப் பேரு 'நெட்டை விதவை'. எப்பவும் எதிர்காத்து, முடிவே இல்லாத நீளம், ஓரமா கல்லுச்சுவரு. பந்து சுவத்த ஒட்டி நின்னுருச்சுன்னா மட்டைய ஓங்க எடமிருக்காது. நார்மன் மெதுவா, ஆனந்தமா, சுவரு ஓரமா நடந்து வந்தான். சுவத்து மேல ஃபிளாஸ்க்கோட ஒரு ஆளு ஒக்காந்திருந்தான்.

"வா மாப்ள. வருவேன்னு தெரியும். டீ சூடா இருக்கு. தங்கச்சி சொல்லல, நானா கண்டுபுடிச்சேன். ஒன் வீட்டு வாசல்ல ஷூவக் காணோம்."

மிச்சக் குழி பூராவும் மாட்டு டாக்டரோட மச்சினிச்சி கதைதான்.

அதே வாரம் பேக்கரியில கிரெகர் லம்ஸ்டனப் பாத்தான். பழைய கலங்கரை விளக்கத்து ஆளு. பேச ஆளில்லாத எடத்துலயே இருந்து பேச்சு மறந்து போனவன். ஒரு ஆட்டம் பூரா ஆடி முடிச்சுட்டு 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கு ஆளு நல்ல மனநிலைன்னு அர்த்தம். அவனோட சோடி குளிர்காலத்துல நெஞ்சடைச்சுப் போயிட்டான். நார்மன் பக்கத்துல போய் நின்னு, "கிரெகர், எனக்கு மட்டும் சோடி காலியாச்சுன்னா..." அப்பிடின்னு இழுத்தான்.

லம்ஸ்டன் கறி அடைச்ச ரொட்டியக் கையில வாங்கிக்கிட்டு, "கெண்டிப் போட்டி முடியட்டும். பாக்கறேன்" அப்பிடின்னான். அவனுக்கு இது பிரசங்கம்.

ஆக, ஜெயிக்கணும். கெண்டி கெடைச்சா ஆர்ச்சிகிட்ட இருந்து விடுதலை, லம்ஸ்டனோட மவுனம். கெடைக்கலைன்னா சுடுகாடு வரைக்கும் ஈர சாக்ஸு.

எப்பவும் மொத ஆட்டத்துலயே வெளிய வர்ற சோடி இது. இந்த வருசம் தெய்வம் கண்ணத் தொறந்துச்சு. மொத ஆட்டத்துல எதிராளிங்க தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு வரவே இல்ல. அடுத்த ஆட்டத்துல ஸ்கூல் வாத்தியாருக்கு கெட்டுப்போன சிப்பியத் தின்னு வயித்தால போச்சு. அதுக்கடுத்தது நெசமாவே ஆடி ஜெயிச்சாங்க, அதுல ஆர்ச்சிக்கு தொண்டை கட்டியிருந்துச்சு. எல்லாருக்கும் ஆச்சரியம், இறுதி ஆட்டத்துக்கு வந்துட்டாங்க.

எதிர்ல ப்ரிங்கிள் தம்பதி. ஸ்டூவர்ட் குழாய் ரிப்பேர் பாக்கறவன், ரோனா தபாலாபீஸுல இருக்கா. காதலிச்ச காலத்துல ஆசையா சோடி சேந்ததுங்க. இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுல ஏதாவது ஒரு தட்டு உடையும். அதுங்க ஜெயிச்சுப் பிரிஞ்சாத்தான் கல்யாணம் நிக்கும்னு அந்தத் தெருவே வேண்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு தரப்பும் பிரியறதுக்காக ஆடுற ஆட்டம், பாக்க ஊரே கெளம்பி வந்துச்சு.

கிழவி பல்லுல நார்மன் மறுபடியும் தாண்டிப் போட்டான். ஸ்டூவர்ட்டு பந்து பாறையில பட்டுக் கடலுக்குப் போச்சு. "வீட்டுலயும் இப்பிடித்தான். எதையும் அங்க கொண்டு சேக்க மாட்டாரு" அப்பிடின்னா ரோனா. நெட்டை விதவைகிட்ட ஆர்ச்சி பந்த சுவத்து ஓரமா ஒட்ட வச்சுட்டான், அங்க ஒரு குழி கைவிட்டுப் போச்சு. ஏறி எறங்கி, பதினேழாங்குழி வரைக்கும் ரெண்டு பக்கமும் சமம்.

பதினேழுலதான் 'ஜெயிலு' இருக்கு. கொடிக்கு முன்னால ஒரு மணல்பள்ளம். ஆள் ஒசரத்துக்கு மேல ஆழம். சுத்துச் சுவரு பூரா புல்லுத் துண்டுகள செங்கல் மாதிரி அடுக்குனது. ரெண்டு பேரு நின்னா மூச்சு முட்டும். அங்க போன பந்து திரும்பி வரணும்னா புண்ணியம் பண்ணியிருக்கணும். அந்தக் குழியில மொத அடி ஆர்ச்சிது. அடிச்சான். பந்து நெலா மாதிரி வளைஞ்சு போயி நேரா ஜெயிலுக்குள்ள எறங்குச்சு.

"காத்து" அப்பிடின்னான் ஆர்ச்சி.

நார்மன் எறங்குனான். புது இடுப்ப ஒரு கையால புடிச்சுக்கிட்டு, புல்லு அடுக்குல ஒவ்வொரு படியா கால் வச்சு எறங்குனான். மேல பாத்தா ஒரு வட்டம் வானம், அவ்வளவுதான். ஓங்கி அடிச்சான். பந்து சுவத்துல மோதித் திரும்பி வந்து அவன் ஷூ பக்கத்துலயே ஒக்காந்துக்கிச்சு. அடிச்ச வேகத்துல இடுப்புல சுரீர்னு புடிச்சுக்கிச்சு. ஏற முடியல.

அடுத்த அடி ஆர்ச்சிது. அவனும் உள்ள குதிச்சான். ரெண்டு பேரும் ஒரு பீப்பாய்க்குள்ள நிக்கற மாதிரி தோளோட தோள் ஒட்டி நின்னாங்க. நார்மன் மொகத்துல வலியப் பாத்தான் ஆர்ச்சி. "ஒதுங்கு மாப்ள, ஒன்னய மொதல்ல வெளிய கொண்டு போவணும்" அப்பிடின்னவன், கால அகட்டி, மணல்ல ஒரு தடவ அழுத்தி நின்னு, வெண்ணெய வழிக்கற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தான். மணலோட பந்து மேல எழும்பி, சுவத்தத் தாண்டிப் போச்சு. மேல கூட்டம் கைதட்டுச்சு. கொடிக்குப் பக்கத்துல போய் நின்னுருச்சுன்னு சத்தத்துலயே தெரிஞ்சுது.

நார்மன் மச்சானையே பாத்தான். "மச்சான், இது என்ன அடி?"

"அடிதான்."

"வருச வருசமா இந்தப் பள்ளத்துல பந்தப் போட்டு என்னய எறக்கி விட்டுட்டு, மேல நின்னு டீ குடிச்சியே. ஒனக்கு இது தெரியுமா?"

"எங்கப்பா கத்துக் குடுத்தாரு. சின்ன வயசுலயே."

"அப்ப ஏன்?"

ஆர்ச்சி மணல மட்டையால நோண்டுனான். "ஜெயிச்சுட்டா என்ன பண்றது மாப்ள?"

நார்மனுக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. "வேணும்னே என்னய இங்க தள்ளியிருக்க."

"எல்லா வருசமும் இல்ல. சில வருசம் நெசமாவே மோசமா அடிச்சேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வேணும்னுதான். லம்ஸ்டன் கூட நீ பேக்கரியில பேசுனது தெரியும். அவன் வாயத் தொறந்தான்னு ஊரே பேசுச்சு, எனக்குத் தெரியாமப் போவுமா?"

மேலருந்து ரோனா எட்டிப் பாத்தா. "உள்ள குடித்தனம் வைக்கப் போறீங்களா? மழை வருது."

ஆர்ச்சி குரலக் கொறைச்சான். "போவணும்னா போ மாப்ள. இன்னும் ஒரு குழி பாக்கி. ஒழுங்கா அடிக்கறேன். அம்மா மேல ஆணை."

ஒரு நல்ல மனுசன் இந்த எடத்துல 'பரவால்ல விடு மச்சான்'னு சொல்லியிருப்பான். நார்மன் அவ்வளவு காலமா சுமந்த ஈர சாக்ஸ ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தான். "அடி" அப்பிடின்னான்.

"சரி" அப்பிடின்னுட்டு, அவன் இடுப்பத் தாங்கி, பொணத்தத் தூக்கற மாதிரி மேல ஏத்தி விட்டான் ஆர்ச்சி. நார்மன் பந்த குழியில போட்டான். ப்ரிங்கிள் பக்கமும் அதே கணக்குல முடிச்சாங்க. இன்னும் சமந்தான்.

கடைசிக் குழி கிளப்புக் கட்டடத்துக்கு நேரா. நார்மன் மொத அடிய நேராப் போட்டான். ஆர்ச்சி பந்துக்கிட்ட நடந்து போனான். ஒரு வார்த்தை பேசல. மாட்டு டாக்டரு இல்ல, மச்சினிச்சி இல்ல, காத்தப் பத்திக்கூட இல்ல. நார்மன் வாழ்நாள் பூரா கேட்ட அமைதி இதுதான். வந்தப்பறம் பாத்தா, ஓடிக்கிட்டிருந்த பஸ்ஸு மலையேத்தத்துல இன்ஜின் நின்ன மாதிரி இருந்துச்சு. ஆர்ச்சி அடிச்சான். பந்து ஒசரமாப் போயி, கொடிக்குப் பக்கத்துல, ஒரு கைத்தடி தூரத்துல வந்து நின்னுச்சு. அவன் கடையில முடி வெட்டிக்கிட்டவங்க எல்லாரும், இவனா அவன்னு வாயப் பொளந்தாங்க.

ப்ரிங்கிள் தம்பதி நாலு அடியில முடிச்சாங்க. இவங்களுக்கு இது மூணாவது அடி. நார்மன் தள்ளி விட்டாப் போதும். உள்ள போனா கெண்டி, போனா விடுதலை. கூட்டத்துல லம்ஸ்டன் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தான். அவன் மூடுன வாயப் பாத்தான். எவ்வளவு அழகான வாயி.

குனிஞ்சான். மூச்ச இழுத்தான். போடத்தான் நெனச்சான். இதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம், சர்ச்சு மணியில அடிச்சுச் சொல்லலாம், போடத்தான் நெனச்சான். பந்து நேராப் போச்சு, குழி விளிம்பத் தொட்டுச்சு, ஓரமா ஒரு சுத்து சுத்துச்சு, வெளிய வந்து நின்னுருச்சு.

கூட்டம் 'ச்சோ'ன்னுச்சு. நார்மன் நிமிர முடியாம நின்னான். நிமிந்தப்ப ஆர்ச்சி எதிர்ல நிக்கறான், கண்ணு ரெண்டும் கொளம்.

"மாப்ள."

"மச்சான், நான் நெசமாவே..."

"சொல்லாத. ஒண்ணும் சொல்லாத. எனக்குப் புரிஞ்சுருச்சு." விளிம்புல நின்ன பந்த ஒத்தக் கையால தட்டி உள்ள போட்டுட்டு, மூக்கத் தொடைச்சுக்கிட்டான்.

"இல்ல மச்சான், நீ நெனக்கற மாதிரி..."

"ஊரே பாக்குது. அப்புறம் பேசிக்கலாம்."

சமமா முடிஞ்சதால மறுபடி மொதக் குழிக்குப் போவணும், அதுல ஜெயிக்கறவங்களுக்குக் கெண்டி. அங்க மொத அடி ஆர்ச்சிது. முன்னால ஒரு ஓடை ஓடுது. ஆர்ச்சி திரும்பி நார்மனப் பாத்து ஒரு கண்ண அடிச்சான். "மச்சான், வேண்டாம்" அப்பிடின்னான் நார்மன். "நீ செஞ்சதுக்கு நான் செய்ய வேண்டாமா?" அப்பிடின்னு மெதுவாச் சொல்லிட்டு, பந்த அழகா, அளந்து, ஓடைக்கு நடுவுல கொண்டு போய் எறக்குனான். வாழ்க்கையில அவ்வளவு குறி தப்பாத அடிய யாரும் பாத்ததில்ல.

ப்ரிங்கிள் தம்பதி கெண்டியத் தூக்குனாங்க. ரொம்ப நாளைக்கப்பறம் புருசனும் பொண்டாட்டியும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் ஆளுக்கொரு மூலையில போய் ஒக்காந்து புது சோடி தேடுனாங்க. மழை விடறதுக்குள்ள ரோனா லம்ஸ்டன்கிட்டப் போய்க் கேட்டுட்டா. லம்ஸ்டன் ரோனாவப் பாத்தான், நார்மனப் பாத்தான், "சரி" அப்பிடின்னான். முடிஞ்சுது.

வீட்டுல இஷ்பெல் பருப்பு சூப்ப கலக்கிக்கிட்டே கேட்டா. "எங்கண்ணனுக்காக விட்டுக் குடுத்தன்னு தெரு பூரா பேச்சா இருக்கு. நெசமா?"

"இல்ல. போடத்தான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும். நீ அவ்வளவு நல்லவன் இல்ல." கரண்டிய வச்சா. "அவன்கிட்ட மட்டும் சொல்லிறாத. அண்ணி போனதுல இருந்து யாரும் அவனுக்காக ஒண்ணையும் விட்டுக் குடுத்ததில்ல. மொகத்தப் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்ப வாய மூடிக்கிட்டு சூப்பக் குடி."

அடுத்த வாரம் முடி வெட்டிக்கப் போனான் நார்மன். போவாம இருக்க முடியுமா? ஊர்ல வேற கடை கெடையாது. கழுத்தச் சுத்தி வெள்ளைத் துணி கட்டி ஒக்கார வச்சாச்சு. பின்னால பெஞ்சுல பாதிரியாரும் மீன் வறுத்து விக்கறவனும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஆர்ச்சி கத்திரிக்கோல வச்சுக்கிட்டு கதைய ஆரம்பிச்சான்.

"இவ்வளவு தூரந்தான் பாதர், என் கையளவு. கண்ண மூடிக்கிட்டுத் தள்ளுனாலே போயிரும். இவன் என்ன பண்ணுனான்? விளிம்புல ஒரு சுத்து சுத்த விட்டு வெளிய நிறுத்துனான். அப்பிடி நிறுத்த எவ்வளவு கைத்திறமை வேணும் பாருங்க."

பாதிரியார் தலைய ஆட்டுனாரு. "இந்த ஞாயிறு பிரசங்கத்துல பேரு போடாமச் சொல்லலாம்னு இருக்கேன்."

நார்மனுக்கு இனிமே தாங்காது. இஷ்பெல் சொன்னது, சூப்பு, எல்லாம் மறந்து போச்சு. "நான் போடத்தான் பாத்தேன். தப்பிப் போச்சு. அவ்வளவுதான் விசயம்."

மீன்காரன் பாதிரியாரப் பாத்து, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" அப்பிடின்னான்.

"இவன் எப்பவும் இப்பிடித்தான்" அப்பிடின்னான் ஆர்ச்சி. "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துரு மாப்ள. ஜெயில்ல இருந்து எடுக்கறது எப்பிடின்னு ஒனக்கு நான் கத்துத் தர்றேன்."

நார்மன் இல்லன்னு தலைய ஆட்டப் பாத்தான்.

"ஆட்டாத, காது போயிரும்" அப்பிடின்னான் ஆர்ச்சி. நார்மன் ஆடாம அசையாம ஒக்காந்திருந்தான்.